காரியை எனக்கு அடையாளம் தெரியவில்லை

மகளே,

காலை பதினொன்று ஐம்பத்திரண்டு, எட்டு விநாடி. உன் அம்மாவைப் பற்றிய செய்தி எனக்கு வந்த நேரம் அது. விநாடி வரைக்கும் எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகக் கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தாதான் கூப்பிட்டார். "மாப்ள, தேவி பட்டியில விழுந்துட்டா. கூப்புட்டா கண்ணத் தொறக்க மாட்டேங்குறா." அவ்வளவுதான் சொன்னார். நான் சிவப்புப் பொத்தானை அழுத்தி லிஃப்டை நிறுத்திவிட்டு இறங்கினேன். அந்தப் பொத்தானை யார் அழுத்தினாலும் இயந்திரம் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். பல நாள் கழித்து, விட்ட வேலையை முடிக்கப் போனபோது அந்த வரியைத் திரையில் பார்த்தேன். படம் பிடித்து வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. நான் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். அவளுக்கு வயது முப்பத்து நான்கு.

இதை நீ படிக்கும்போது உனக்கும் கிட்டத்தட்ட அந்த வயது ஆகியிருக்கலாம். வேலைக்குப் போகிறவளாக, யாரையோ கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறவளாக இருக்கலாம். இப்போது உனக்கு ஐந்து வயது. பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் அத்தை வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் காப்பாரில், செம்பனைத் தோட்டத்து ஓரம், அம்மாவின் மாட்டுப் பட்டியில், கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கூடைமேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இடது தோள்பட்டை எலும்பில் விரிசல், அந்தக் கை தூளியில் தொங்குகிறது. வலது கை சும்மா இருக்கிறது. ஆனால் உட்கார முடியவில்லை. நாலு வரி எழுதினால் எழுந்து வேலி வரை நடந்து, வெள்ளச்சி என்ற பசுவைப் பார்த்துவிட்டு வருகிறேன். விடிந்ததிலிருந்து அது நிலைகொள்ளாமல் சுற்றுகிறது. நானும் அப்படித்தான். உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை நேராகச் சொல்லிவிட்டு நிறுத்தலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் மாட்டைப் பற்றித் தெரியாமல் அது உனக்குப் புரியாது.

உன் அம்மா பகலில் கிள்ளான் டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். காலையும் மாலையும் இந்தப் பட்டியில். விழுந்த அன்று கடைக்கு லீவு போட்டிருந்தாள். பதினோரு பசு, காரி என்ற ஒரு கறுப்புக் காளை, சில இளம் காளைகள். தோட்டத்துக்கு வந்த நம் ஆட்கள் வளர்த்த மாடுகளின் வழி இவை. கட்டையான உடம்பு, எழும்பிய திமில், உள்வளைந்த கொம்பு. இது புலிக்குளமா, காங்கேயமா என்று நான் கேட்டால் சிரிப்பாள். "தெரியாதுங்க. கப்பல்ல வரும்போது யாரும் பேர் எழுதி ஒட்டல. நம்ம மாடு, அவ்ளோதான்லா." தவ்ஃபூ என்ற சோயாக் கட்டி செய்யும் தொழிற்சாலையில் கொட்டும் சக்கையும் தோட்டத்துப் புல்லும் போதும் அவற்றுக்கு. இந்த வெயிலுக்கும் ஈரத்துக்கும் நோய் அண்டாது. சுற்றுவட்டாரத்தில் மற்றவர்கள் எல்லாரும் வெளிநாட்டுக் கலப்புக்குப் போய்விட்டார்கள். கன்று பெரிதாகப் பிறக்கும், கறி அதிகம். அவள் மட்டும் போகவில்லை. காரியைக் கன்றாக இருந்தபோது புக்கிட் ரோத்தானில் ஒரு கிழவரிடம் கண்டுபிடித்தாள். தன் பசுக்களுக்குச் சொந்தம் இல்லாத, ஆனால் அதே வழியான காளை வேண்டும் என்று இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் தேடினாள். நான்தான் கார் ஓட்டினேன், முணுமுணுத்துக்கொண்டே.

எனக்கு எடைதான் தெரியும். லிஃப்டில் எத்தனை ஆள், எத்தனை கிலோ என்று பார்க்கிறவன் நான். "அதே புல்லுதான் திங்குது. ஊசி போட்டுக் கலப்புக் கன்னு எடுத்தா ஒன்னரை மடங்கு எடை வரும். கணக்கு ரொம்ப சுலபம் தேவி" என்று ஒரு தடவை சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள். "உங்களையும் எடை பாத்துக் கட்டிக்கிட்டிருந்தா இன்னும் நல்ல ஆளாக் கெடைச்சிருக்கும்" என்றாள். தாத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தது கேட்டது. அன்று சண்டை. இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளை இப்போது திருப்பிக் கேட்கிறேன், யாரிடம் என்று தெரியாமல்.

கல்யாணமான புதிதில் சிவகங்கைப் பக்கம் போனோம். மற்றவர்கள் கோயில் குளம் என்று போவார்கள், உன் அம்மா மஞ்சுவிரட்டுக்குக் கூட்டிப்போனாள். பெரிய பொட்டல். நாலா பக்கமும் காளைகளை அவிழ்த்து விடுகிறார்கள். திமிலைப் பிடிக்க இளவட்டங்கள் பாய்கிறார்கள். நான் ஒரு டிராக்டர்மேல் ஏறி நின்றுகொண்டேன். எனக்குப் புழுதியும் பயமும்தான் நினைவிருக்கிறது. கூட்டம் கலைந்த பிறகு ஓர் அம்மாள் கையில் கயிற்றோடு வந்தார். ஓடிப்போன தன் காளையைத் தேடுகிறார். "பயமா இல்லையாக்கா, தொலைஞ்சு போயிட்டா?" என்று உன் அம்மா கேட்டாள். "வீட்டுக்கு வழி தெரியாத மாட்ட வச்சு நான் என்ன தாயி பண்ணப்போறேன்?" என்றார் அவர். பிறகு நடந்துகொண்டே சொன்னார். யார் கைக்கும் சிக்காத காளை, ஊர்ப் பசுக்களுக்கு விடப்படும். பிடிபட்டது அடுத்த சந்தைக்குப் போய்விடும். ஊரே கூடி நின்று, அடுத்த தலைமுறைக் கன்றுகளுக்கு அப்பன் யார் என்று பார்க்கிற நாள் அது. நான் அதுவரை அதை வெறும் வீர விளையாட்டு என்று நினைத்திருந்தேன். இன்னொன்றும் சொன்னார். வெளியாளைப் பக்கத்தில் விடாத அந்தக் காளை, வீட்டில் அவர் மகள் கயிற்றைப் பிடித்தால் பின்னாலேயே போகுமாம். உன் அம்மா விமானத்தில் திரும்பும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

கிள்ளானில் வாடிவாசல் கிடையாது, மாடு பிடிக்க விடவும் மாட்டார்கள். அதனால் அவளே ஒரு சோதனை கண்டுபிடித்தாள். மாட்டுப் பொங்கலன்று காலையில், கொம்புக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டின பிறகு, ஓர் ஆள் விரித்த குடையோடு பட்டிக்குள் நடந்து போக வேண்டும். பயந்து ஓடுகிற காளையை விற்றுவிடலாம். பசுக்களுக்கு முன்னால் வந்து தலையைத் தாழ்த்தி நிற்கிற காளைதான் விதைக்கு. குடை பிடித்த ஆள், வருடா வருடம், நான். வேறு யாரையும் அவள் கேட்டதில்லை. "உங்களத்தான் மாட்டுக்குப் பழக்கமே இல்ல. அதனால நீங்கதான் கரெக்ட்" என்பாள். காரி நாலு அடி வைத்தால் நான் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பேன். நீ கைதட்டுவாய். மறுநிமிடம் அவள் போய்க் கயிற்றைத் தொட்டதும் அது நாய்க்குட்டி மாதிரி பின்னால் போகும். எனக்கு உள்ளுக்குள் கோபம் வரும். ஏழு வருடம் அந்த மாட்டை நான் நின்று பார்த்ததில்லை. ஓடும்போது திரும்பிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெள்ளச்சி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பட்டியில் வேலை செய்யும் பாக் சாலே, "பொறுங்க பாஸ், இன்னும் கொஞ்ச நேரம்" என்று மலாயில் சொன்னார்.

மாடுகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்குக் காதில் எண் வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மஞ்சள் பிளாஸ்டிக் வில்லைகள், கணினியில் ஓர் அட்டவணை, பிறந்த நாள், தாய், தந்தை, தடுப்பூசி. அம்மாவுக்கு அது தேவையே இல்லை. அவளுக்கு எல்லாம் முகம். ஆனாலும், "பரவால்ல, நம்ம இஞ்சினியர் ஒரு வழியா மாட்டுக்கிட்ட வந்துட்டாரு" என்று கிண்டல் செய்துகொண்டே பாக் சாலேயிடம் பெருமையாகக் காட்டினாள். நான் இஞ்சினியர் இல்லை, டிப்ளமா முடித்த டெக்னீஷியன். அவள் திருத்த மாட்டாள்.

அவள் போவதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை. இரண்டு கறுப்புக் காளைகளின் காது வில்லைகள் வேலியில் சிக்கி அறுந்து விழுந்திருந்தன. ஒன்று காரி. மற்றது காரியின் மகன், ஆனால் அதன் தாய் பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்த கலப்புப் பசு. அதனால் அதை விதைக்கு வைக்க வேண்டாம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விற்றுவிடலாம் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அப்பன் உயரம், அப்பன் நிறம். எண்கள் கைவசம் இருந்தன, எந்த எண் காரியுடையது என்று அட்டவணையில் இருந்தது. இரண்டையும் குறுகலான கம்பி வழிக்குள் விட்டு நிறுத்தியிருந்தோம். எனக்குத் தெரிந்தது இரண்டு கறுப்பு முதுகு, இரண்டு திமில். அம்மா தலை வலிக்கிறது என்று லோரியின் முன் இருக்கையில் சாய்ந்திருந்தாள். "நீ படு, நான் பாத்துக்குறேன்" என்றேன். பிறகு, கையில் கிடுக்கியோடு அங்கேயே நின்றேன். எது காரி?

போய் எழுப்பிக் கேட்டிருக்கலாம். பத்து அடி தூரம். தூங்கட்டும் என்று விட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். உன்னிடம் சொல்கிறேன், அது பாதிதான் உண்மை. ஏழு வருடம் கழித்து, எது காரி என்று கேட்க வெட்கமாக இருந்தது. முன்னால் நிற்பதுதான் காரி, தலைவன்தானே முன்னால் நிற்பான் என்று நானே முடிவு கட்டி, இரண்டு வில்லையையும் அடித்துவிட்டேன். முடித்துவிட்டு அவளை எழுப்பினேன். "சரியாப் பாத்துப் போட்டீங்களா?" என்றாள். "போட்டாச்சு" என்றேன். அவள் தலைவலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இந்த இரண்டையும் நான் கேட்காமல் விட்டேன், மகளே. இரண்டாவதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரால்கூடச் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு ஐந்து வாரம் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. பதினாறாம் நாள் காரியத்தில் யார் வந்தார்கள் என்றுகூட நினைவில்லை. அழுகை வரவில்லை. அத்தை பயந்துபோய், "ஒரு தடவ அழுதுருடா" என்று கெஞ்சினாள். லிஃப்ட் வேலைக்குப் போனேன், வந்தேன். அம்மா விழுந்த இடத்தைப் பார்க்க முடியாது என்று தாத்தா பட்டிப் பக்கமே வரவில்லை. பாக் சாலே தன் மகள் கல்யாணத்துக்காகக் கடல் தாண்டித் தன் ஊரான மதுராத் தீவுக்குப் போயிருந்தார். விடிவதற்குள் நான் வந்து சக்கையைக் கொட்டிவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வேலைக்கு ஓடுவேன். தொட்டிகளைப் பார்ப்பேன், மாட்டைப் பார்க்க மாட்டேன். அந்த நேரத்தில்தான் செலாயாங்கிலிருந்து ஒரு வியாபாரி பேசினார். பசு, காளை எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், பசுக்களைத் தன்னுடைய பெரிய கலப்புக் காளையோடு சேர்த்து இனத்தை மாற்றிவிடுகிறேன் என்றார். தாத்தா, "நீயே ஒரு பதிலச் சொல்லு மாப்ள. எனக்கு இனிமே மாடும் வேணாம் மண்ணும் வேணாம்" என்றார். நான் பார்க்கலாம் என்றேன். அப்போது எதற்கும் அதுதான் என் பதில்.

பெருநாளுக்கு மாடு வாங்க வழக்கமாக வருகிற ஹாஜி கூப்பிட்டார். அம்மா விற்கச் சொன்னது அந்த ஒரு மாட்டைத்தான். நான் பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு வாழையிலை முன்னால் உட்கார்ந்தபடியே எண்ணை அனுப்பினேன். அவர் ஆட்கள் போய் அந்த எண்ணைப் பார்த்து ஏற்றிக்கொண்டு, லோரியில் நிற்கிற மாட்டைப் படமெடுத்து அனுப்பினார்கள். சாயங்காலம் அத்தை வீட்டில் நீ என் மடியில் இருந்தாய். படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, காரி எங்க போறான்?" என்றாய்.

"அது காரி இல்லடா. அது அவன் மகன்."

"இல்ல, காரி."

"நம்பர் பாரு குட்டி. இது காரி நம்பர் இல்ல."

"நம்பர் எனக்குத் தெரியாது. அது காரி மூஞ்சி" என்றாய். நான் படத்தை மூடிவிட்டேன். நீ இறங்கிப் போய்விட்டாய். இதுதான் அந்த மன்னிப்பு. ஐந்து வயதுப் பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொன்னதை, நானே தப்பாகக் குத்திய எண்ணைக் காட்டிப் பொய்யாக்கினேன். அதற்குப் பிறகும் நான்கு நாள் நான்தான் தீனி போட்டேன். பட்டியில் காரி இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

பாக் சாலே திரும்பி வந்த காலை, வேலிக் கதவைத் திறந்ததும் கேட்டார், "பாஸ், காரி எங்கே?" நான் கறுப்புக் காளையைக் காட்டினேன். அவர் போய் அதன் கழுத்தைச் சொறிந்தார். அது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அப்படிச் சும்மா நிற்கிற மாடு இல்லை காரி. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. அவர் ஊரில் காளைகளை ஜோடியாகப் பூட்டிப் பந்தயம் விடுவார்கள், மாட்டு முகத்தை மறந்தவனை அங்கே மனிதனாக மதிக்க மாட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பெருநாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஹாஜியைக் கூப்பிட்டேன். அம்பாங்கில் ஒரு சூராவில், அதாவது சின்னத் தொழுகைக் கூடத்தில், குர்பான் பலிக்காக ஏழு பேர் சேர்ந்து எடுத்திருக்கிறார்கள், மாடு அங்கேதான் கட்டியிருக்கிறது என்றார். பிறகு அவராகவே, "நல்ல சாது மாடு தம்பி. கயித்தப் புடிச்சதும் சும்மா நடந்து ஏறிடுச்சாம்" என்றார்.

தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சோபாவில் படுத்திருந்தார். எண்ணை மாற்றிக் குத்தியதையும், கேட்க வெட்கப்பட்டதையும், காரி சும்மா நடந்து லோரியில் ஏறியதாக ஹாஜி சொன்னதையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காரியா? சும்மா ஏறுச்சா?" சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் காரில் போய் உட்கார்ந்துவிட்டார். காரியின் மகனை லோரியில் ஏற்றிக்கொண்டு பாக் சாலே பின்னால் வந்தார். ஃபெடரல் ஹைவே நெரிசலில் தாத்தா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "யார்கிட்டயும் அடங்காதவன். சும்மா ஏறிட்டான்னா, அவன் செத்துட்டான்னு அர்த்தம். உசுரோட இருந்தாலும்." அவர் மாட்டைப் பற்றி மட்டும்தான் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் பாதையை மாற்றி மாற்றி ஓட்டினேன். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தேன்.

சூராவுக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரத்தடியில் காரி கட்டியிருந்தது. விலா எலும்பு தெரிந்தது. முன்னால் பச்சைப் புல், தொடாமல். பக்கத்தில் ஒரு வயதான மலாய் அம்மாள், எல்லாருக்கும் மக்சிக், அதற்கு வாழைப்பழம் நீட்டிக்கொண்டிருந்தார். ஏழு பங்கில் ஒன்று அவருடையது, இறந்துபோன கணவருக்காக. ஹாஜி தோட்டத்தில் பிறந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். "மாத்திக்கலாம் தம்பி. உங்க மாடு இதவிடப் பெருசா, நோய் நொடி இல்லாம இருந்தாப் போதும். ஆனா ஏழு பேரும் சரின்னு சொல்லணும். அவங்க மனசுல இத நெனச்சுட்டாங்க." லோரியில் நிற்கிற கலப்பு மகனைப் பார்த்ததும் ஆறு பேர் உடனே சரி என்றார்கள். எடை அதிகம் என்று பார்த்தாலே தெரிகிறது. நான் வாதாடிய அதே எடை. மக்சிக் மட்டும் காரியின் பக்கத்திலேயே நின்றார். நான்கு நாள் பழம் நீட்டிப் பார்த்த மாடு. நான் அவர் முன்னால் போய் நின்று, எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். இது என் மனைவியின் மாடு, அவள் போய்விட்டாள், நான் தவறுதலாக விற்றுவிட்டேன். அவர் கேட்டார், "எத்தனை நாள் ஆச்சு?" முப்பத்தொன்பது நாள் என்றேன். அதையும் எண்ணித்தான் வைத்திருந்தேன். "சாப்பிடுறியா?" என்றார். நான் தொடாமல் கிடந்த அந்தப் பச்சைப் புல்லைப் பார்த்தேன். "இதுவும் சாப்பிடல. கூட்டிட்டுப் போ" என்றார்.

"போ மாப்ள, கயித்த அவுத்துக் கூட்டிட்டு வா" என்றார் தாத்தா.

"நானா?"

"என் மகள ஒனக்குத்தானே குடுத்தேன்? போ."

போனேன். ஓடாமல், மெதுவாக. முதல் தடவையாக அதன் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் சுழி இடது கண்ணுக்கு மேல் தள்ளி இருக்கிறது. வலது கொம்பின் நுனி லேசாக வெளியே திரும்பியிருக்கிறது. மூக்கில் சாம்பல் நிறக் கீற்று. மகனிடம் இது எதுவும் இல்லை. ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், யாரும் மாற்றிப் போட மாட்டார்கள். அது தலையைத் தொங்கப் போட்டு நின்றது. நான் மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தேன். "காரி, வா" என்றேன். அது நிமிர்ந்து என்னைப் பார்த்தது. மூச்சு ஒரு தடவை புஸ்ஸென்று வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் சூராவின் சாக்கடைக்குள் மல்லாந்து கிடக்கிறேன், இடது தோளில் நெருப்பு, கரையில் காரி நாலு காலையும் ஊன்றித் தலையைத் தாழ்த்தி நிற்கிறது.

"யா அல்லா, இதுவா சாது மாடு?" என்று ஹாஜி மரத்துக்குப் பின்னாலிருந்து கத்தினார்.

தாத்தா சிரித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, இருமி, மறுபடி சிரித்தார். "இருக்கான்டா! அப்பிடியே இருக்கான்டா! மாப்ள, ஒன்னத் தூக்கிட்டான் பாரு, நீதான் சரியான ஆளு!" சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கு வலித்தது. அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தியதிலிருந்து எனக்கு எதுவும் வலித்ததில்லை. சாக்கடைத் தண்ணீரில் கிடந்தபடி, ஏழு மலாய்க்காரர்களும் உன் தாத்தாவும் பார்க்க, வாய்விட்டு அழுதேன். எலும்பு முறிந்ததற்கு இவ்வளவு பெரிய ஆள் இப்படி அழுகிறானே என்று நினைத்திருப்பார்கள். மக்சிக் மட்டும் உள்ளே போய் மைலோ கலக்கிக்கொண்டு வந்தார்.

தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியிடம் போனார். அம்மா போன நாளிலிருந்து அது அவரைப் பார்க்கவில்லை. அவருடைய சட்டையை, அக்குளை, உள்ளங்கையை முகர்ந்தது. "ஆமாடா, நான்தான். விட்டுட்டேன்டா" என்றார். கயிற்றைப் பிடித்து இழுக்கக்கூட இல்லை. அவர் பின்னாலேயே லோரிக்கு நடந்தது.

உனக்கு நிறைய புத்தி சொல்ல வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று எழுத எழுதத் தெரிகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ யாரோடு வாழ்ந்தாலும், அவர் உயிராக வைத்திருப்பதைப் போய்ப் பக்கத்தில் நின்று பார். பிடிக்காவிட்டாலும் பார். பத்து வருடம் தாமதமானாலும், எது என்று கேள். கேட்டால் சிரிப்பார்கள். உன் அம்மா நிச்சயம் சிரித்திருப்பாள், ஒரு மாதம் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நான் கேட்கவில்லை.

காரி வந்து இன்று நான்காவது நாள். தாத்தா இரண்டு நாளாகப் பட்டியிலேயே கிடக்கிறார், வீட்டுக்குப் போகச் சொன்னால் முறைக்கிறார். காரி தின்ன ஆரம்பித்துவிட்டது. ஆனால் பசுக்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, இன்று பருவத்துக்கு வந்து காளை தேடுகிற வெள்ளச்சியைக்கூட. அதுதான் எங்கள் மூன்று பேருக்கும் பயம். செலாயாங் வியாபாரிக்கு இன்று பதினோரு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். காரி காளையாகத் தேறாவிட்டால், இந்தப் பதினோரு பசுவையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? காலையில் வியாபாரி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். தாத்தாவிடம் கேட்டேன். "அவ மாடு. நீதான் சொல்லணும்" என்று மறுபடியும் என்மேலேயே போட்டுவிட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பாக் சாலே கையை உயர்த்தினார். வெள்ளச்சி நிற்கிறது, அசையாமல், முதுகை வளைத்துக்கொண்டு. காரி தீனித் தொட்டியை விட்டு வந்துவிட்டது. மோவாயை அதன் இடுப்பில் வைத்து நிற்கிறது. தாத்தா மூச்சுக்கூட விடவில்லை. வியாபாரி மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். மணிச் சத்தத்துக்குக் காரி தலையைத் தூக்கி என் பக்கம் திரும்பியது, ஓர் அடி விலகியது. பாக் சாலே பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தாத்தா திரும்பாமலே, "என்ன மாப்ள சொல்லப்போற?" என்று கிசுகிசுத்தார்.

தொலைபேசியை அணைத்துவிட்டேன்.